காசு கொடுத்தால் முன்வரிசை: பள்ளி நன்கொடை பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்மார்ட் வகுப்பறைக்கு நிதி திரட்டுகிறோம் என்று மூன்று வாரத்துக்கு முன் சுற்றறிக்கை வந்தது. 5,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுவிழாவில் முன்வரிசை நாற்காலி. 10,000 என்றால் வளாகத்துக்குள் கார் நிறுத்தலாம், பெற்றோர் சந்திப்பில் வரிசையில் நிற்காமல் ஆசிரியரைப் பார்க்கலாம்.

நாற்காலியைக்கூட விட்டுவிடலாம், போகட்டும். ஆசிரியரைப் பார்க்கும் வரிசையில் முன்னிடத்தை விற்பதுதான் உறுத்துகிறது. மகளின் தோழி கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். அவள் அம்மா செவ்வாய்ப்பேட்டை மண்டியில் அரை நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் சந்திப்புக்கு வருகிறார். அவர் இனிமேல் கடைசியில் நிற்க வேண்டுமா?

வகுப்பாசிரியரிடம் கேட்டேன், "எங்க கையில இல்லைங்க" என்றார். முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். "விருப்பம் உள்ளவங்க மட்டும்தானே" என்று வாய்மொழியாகப் பதில் வந்தது, எழுத்தில் எதுவும் இல்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாலு கட்டைவிரல் விழுந்தது, அப்புறம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பணம் கட்டியவர்களின் ரசீதில் 'நன்கொடை' என்று மட்டும் இருக்கிறது. ஆண்டுவிழா அடுத்த மாதம்.

தமிழ்நாட்டின் 2009 கட்டண முறைப்படுத்தல் சட்டப்படி, அரசின் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்த தொகைக்கு மேல் தனியார் பள்ளி வசூலிக்கக் கூடாது என்பது வரை தெரியும். நன்கொடை என்ற பெயரில் இப்படிச் சலுகை விற்பதை அந்தக் குழுவிடம் புகாராகக் கொண்டுபோக முடியுமா? இதில் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.