எல்லா பெர்னாண்டோக்களும் சொந்தக்காரர்களா?

உறையூரான்:
எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர் நீர்கொழும்புக்காரர், பெயர் பெர்னாண்டோ. வீட்டில் சிங்களம்தானாம். என்னோடு கல்லூரியில் படித்த தூத்துக்குடி நண்பனும் பெர்னாண்டோ. மத்திய அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் வேறு இருந்தார். இவர்களுக்குள் ஏதாவது உறவு உண்டா? அவரிடமே கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

முத்துநகரான்:
தம்பி, நானும் தூத்துக்குடி பர்னாந்துதான். எங்கள் தெருவில் தபால்காரருக்கு அந்தப் பெயர் மட்டும் போதாது. அப்பா பெயர், வீட்டுப் பட்டப்பெயர் எல்லாம் கேட்பார். 1530-களில் முத்துக்குளித்துறை என்ற எங்கள் கடற்கரையில் மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்த பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்போது ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துகீசியரின் பெயர் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. கோமஸ், மச்சாது, வாஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். இதில் ரத்த உறவு எங்கே வந்தது? என் மனைவி பிறந்த வீட்டிலும் பர்னாந்து. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு காகிதத்தைக்கூட மாற்றவில்லை.

வல்லநாட்டிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து. அவரைத் தாத்தா என்று உரிமை கொண்டாடாத பர்னாந்து இங்கே கிடையாது. ஆதாரம் மட்டும் கேட்காதீர்கள்.

ஜார்ஜ் பெர்னாண்டஸ் மங்களூர்க்காரர். கோவாவிலிருந்து போய்க் குடியேறிய கொங்கணிக் கத்தோலிக்கர்கள் அவர்கள். எங்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கடற்கரைத்தெரு மருமகள்:
ஐயா சொன்னது எங்கள் இலங்கைப் பக்கத்துக்கும் பொருந்தும். டில்மா தேயிலையைத் தொடங்கிய மெரில் பெர்னாண்டோ நீர்கொழும்பில் பிறந்தவர். வேகப்பந்து வீச்சாளர் டில்ஹாரவும் பெர்னாண்டோ. கொழும்பில் அங்கிலிக்கன் ஆயராக இருந்த கென்னத்தும் பெர்னாண்டோ. மொறட்டுவைக்குப் போனால் பௌத்த பெர்னாண்டோக்களும் உண்டு. ஆகவே, பெயரை வைத்து மதத்தைக்கூடச் சொல்லிவிட முடியாது.

எங்களுக்கு விவரம் சொல்வது முன்னால் வரும் நீளப் பெயர்தான்: வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிஹிந்துகுலசூரிய. அதையும் ஊரையும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை கரையோரத்தில் பாட்டி தமிழிலும் பேத்தி சிங்களத்திலும் பேசும் வீடுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடமும் மாதா கோயிலும் சிங்களத்துக்கு மாறியதால் வந்தது இது. அவரிடம் தமிழிலேயே பேசிப் பாருங்கள்.

உறையூரான்:
கேட்டுவிட்டேன். வர்ணகுலசூரியவாம், பாட்டிக்குத் தமிழ்தானாம். “உங்கள் குடும்பப் பெயர் என்ன?” என்று திருப்பிக் கேட்டார். அப்பா பெயரின் முதலெழுத்துதான் என்றேன். “உங்கள் மகனுக்கு?” என் பெயரின் முதலெழுத்து என்றதும் சிரித்துவிட்டார். “அப்படியென்றால் நீங்கள் தலைமுறைக்கு ஒரு குடும்பமா?”