சி.ஏ. 125 அளவு 412: இரண்டு வீட்டு அனுபவங்கள்

என் அக்காவுக்கு வயது 54. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வயிறு உப்பிக்கொண்டே போகிறது, புடவைக் கொசுவம் நிற்கவில்லை என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றில் நீர் கோத்திருப்பதும் இரு சினைப்பைகளும் தடித்திருப்பதும் தெரிந்தன. சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் இரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 125 என்ற புரதத்தின் அளவு 412 என்று வந்தது. ரிப்போர்ட்டில் இயல்பு வரம்பு 35. ஸ்கேன் குறிகளுக்கு 3, மாதவிடாய் நின்றதற்கு 3 என அந்த எண்ணோடு பெருக்கி, புற்றுநோய் அபாய மதிப்பெண் 3708 என்று மருத்துவர் எழுதிக் காட்டினார். 200-ஐத் தாண்டினாலே புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்களாம். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் அடுப்பு பற்றவைக்கவில்லை.

நல்லவேளையாக அந்த அறுவை மருத்துவர் அவசரப்படாதவர். சி.ஏ. 125 சினைப்பைக்கு மட்டும் உரியதன்று, வயிற்றின் உள்சவ்வோ நுரையீரல் உறையோ கர்ப்பப்பையின் உட்சுவரோ அழற்சி கண்டாலும் ஏறக்கூடிய புரதம் என்றும், மாலைக் காய்ச்சலும் உள்ள நம் ஊர்ப் பெண்ணிடம் காசநோயைத் தேடாமல் பெரிய அறுவைக்குப் போகக் கூடாது என்றும் சொல்லி, சிறு துளை வழியே கருவியைச் செலுத்திச் சவ்விலிருந்து திசு எடுத்தார். உள்ளே தினை இறைத்தாற்போல் வெண்மணிகள் இருந்தனவாம். திசு ஆய்வு காசநோய் என்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைத்த மாத்திரைகளை ஆறு மாதம் விழுங்கி முடித்தபின், அதே சி.ஏ. 125 அளவு 19.

*

மேலே எழுதியவருக்கு நேர்ந்ததற்கு மாறாக, எங்களுக்கு இரத்தப் பரிசோதனைதான் துப்புக் கொடுத்தது. அண்ணன் மகளுக்கு வயது 16. அடிவயிற்றில் கட்டி என்றதும் மருத்துவர் ஏ.எஃப்.பி., எல்.டி.எச்., பீட்டா எச்.சி.ஜி. என்ற மூன்று இரத்தப் பரிசோதனைகளையும் எழுதிக் கொடுத்தார். கடைசியாக உள்ளது கர்ப்பத்தைக் காட்டும் சோதனை என்று லேபில் தெரிந்ததும் அண்ணி சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கருமுட்டைச் செல்களிலிருந்து முளைக்கும் கட்டிகளில் சில, கருவைப் போலவே இப்பொருள்களைச் சுரக்கும் என்பதை விளக்கி அவரைத் திரும்ப அழைத்துவர எனக்கு அரை நாள் ஆயிற்று. ஏ.எஃப்.பி. ஆயிரக்கணக்கில் இருந்தது. ஒரு சினைப்பையை மட்டும் நீக்கிவிட்டுக் கீமோ தொடங்கினார்கள். கட்டி அடங்கினால் ஏ.எஃப்.பி. என்ற இந்தப் புரதம் ஐந்து முதல் ஏழு நாளுக்குள் பாதியாக வேண்டுமாம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் வரும் எண்ணை அண்ணி மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவருகிறார். நேற்று எழுதியது 38.