ஃபங்க் பேஸுக்கு என்வலப் ஃபில்டர்: அடித்தொனி போகாமல் எதை எடுப்பது?

நாலுகம்பி

நாலு கம்பி ஆக்டிவ் பேஸ் கிட்டார், உள்ளே 9 வோல்ட் ப்ரீஆம்ப். பேஸிலிருந்து கம்ப்ரஸர், பிறகு ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரடாக்கும் பெடல்), பிறகு ஆம்ப். இதுதான் இப்போதைய வரிசை. ஃபங்க் வாசிக்க என்வலப் ஃபில்டர் (அடிக்கும் பலத்துக்கு ஏற்பத் திறந்து மூடி "வாவ்" சத்தம் தரும் பெடல்) ஒன்று சேர்க்க வேண்டும். கிட்டாருக்கென்று செய்த ஒரு ஆட்டோ-வா பெடலை ஓவர்டிரைவுக்குப் பின்னால் மாட்டிப் பார்த்ததில் மூன்று சிக்கல்.

ஆன் செய்ததும் அடித்தொனி காணாமல் போகிறது. டிரம்ஸோடு சேர்ந்தால் பேஸ் இருக்கிற இடமே தெரியவில்லை. அடுத்தது, மெல்ல வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும் ஃபில்டர் ஒரே அளவுதான் திறக்கிறது. மூன்றாவது, ஈ கம்பியில் நோட்டை நீட்டிப் பிடித்தால் குரல் நடுங்குகிற மாதிரி ஒரு கரகரப்பு. ஜி கம்பியில் அது இல்லை.

பார்த்து வைத்திருப்பவை: எம்எக்ஸ்ஆர் எம்82, எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் மைக்ரோ க்யூ-ட்ரான், க்யூ-ட்ரான் பிளஸ், அகிலார் ஃபில்டர் ட்வின். ஒன்றுதான் வாங்க முடியும். எதை, ஏன்?

ஓம்விதி

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. இரண்டாவதைச் செலவே இல்லாமல் இன்றைக்கே சரிசெய்துவிடலாம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

என்வலப் ஃபில்டருக்குள்ளே இரண்டு பாதை. ஒன்றில் உங்கள் சிக்னல் ஃபில்டர் வழியாகப் போகிறது. மற்றதில் அதே சிக்னலின் நகலை ரெக்டிஃபையர் ஒரே பக்கமாகத் திருப்பி, ஒரு கெபாசிட்டரில் நிரப்பி, "இப்போது எவ்வளவு பலமாக அடிக்கிறார்" என்பதைச் சொல்லும் வோல்டேஜாக மாற்றுகிறது. ஃபில்டரைத் திறப்பதும் மூடுவதும் அந்த வோல்டேஜ்தான். கம்ப்ரஸரின் பிழைப்பே ஓங்கிய நோட்டையும் மெல்லிய நோட்டையும் சமமாக்குவது. ஓவர்டிரைவும் தன் பங்குக்கு அதையே செய்கிறது. இரண்டும் முன்னால் உட்கார்ந்திருந்தால் ஃபில்டருக்கு வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? ஃபில்டரை முதலில் வையுங்கள். ட்யூனர் மட்டும் அதற்கு முன்னால் இருக்கலாம்.

கம்ப்ரஸரைக் கழற்றிவிட வேண்டாம், ஃபில்டருக்குப் பின்னால் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. சாதாரண இரண்டு-போல் லோ-பாஸ் ஃபில்டரில் (ஓர் இடத்துக்கு மேலே உள்ளதை வெட்டும் வகை) வெட்டும் இடத்தில் எழும் மேட்டின் உயரம் க்யூ (ஃபில்டரின் கூர்மை) மதிப்புக்குச் சமம். க்யூ 4 என்றால் அந்த இடத்தில் 4 மடங்கு, அதாவது 12 டெசிபல். ஃபில்டர் நகரும்போது அந்த மேடு நோட்டின் ஏதாவது ஒரு ஹார்மோனிக் (மேல்நோட்டு) மேல் வந்து நிற்கும் கணத்தில் சத்தம் குபீரென்று எகிறும். 4:1, அட்டாக் 10 மில்லிசெகண்ட் அளவில் வைத்த கம்ப்ரஸர் அதைப் பிடித்துக்கொள்ளும்.

அடித்தொனி போவதற்குக் காரணம் பேண்ட்-பாஸ். கிட்டார் வா பெடல்கள் பெரும்பாலும் அந்த வகைதான்: நடுவில் ஒரு பட்டையை மட்டும் விட்டு, மேலும் கீழும் வெட்டும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸில் ஈ 41, ஏ 55, டி 73, ஜி 98. ஃபில்டரின் நடுப்புள்ளி 400 ஹெர்ட்ஸிலேயே தொடங்கினால் உங்கள் ஈ அதற்கு மூன்று ஆக்டேவுக்கும் கீழே கிடக்கிறது. மிஞ்சுவது மூக்கால் பேசும் சத்தம் மட்டும். லோ-பாஸ் அப்படியில்லை, வெட்டும் இடத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் விட்டுவிடும். (எழுதும்போது பேஸ், பாஸ் இரண்டும் குழம்பும். பேஸுக்கு வேண்டியது லோ-பாஸ் என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.)

நடுக்கம்: ஈ கம்பியின் ஒரு அலைக்கு 24 மில்லிசெகண்ட். முழு அலை ரெக்டிஃபையர் என்றால் கெபாசிட்டருக்கு 12 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் தீனி கிடைக்கும். இடைவேளையில் வோல்டேஜ் இறங்கும். இறங்கும் டைம் கான்ஸ்டன்ட் 40 மில்லிசெகண்ட் என்றால் ஒவ்வொரு இடைவேளையிலும் கிட்டத்தட்ட 26 சதவீதம் சரிந்து மறுபடி ஏறும். அதுவே 150 என்றால் 8 சதவீதம்தான். சரிந்து ஏறும்போதெல்லாம் ஃபில்டரும் கூடவே ஆடுகிறது, வினாடிக்கு 82 முறை. அதைத்தான் கரகரப்பாகக் கேட்கிறீர்கள். ஜி கம்பியில் இடைவேளை 5 மில்லிசெகண்ட், அதனால் தெரிவதில்லை. ஆகவே டிகே (ஃபில்டர் மூடும் வேகம்) நாப் உள்ள பெடலாகவோ, இயல்பிலேயே மெதுவாக இறங்கும் பெடலாகவோ பாருங்கள்.

அடிநாதம்

ஓம்விதி சொன்னதை வெச்சுக்கிட்டு உங்க பட்டியலைப் பார்ப்போம்.

எம்82: அஞ்சு நாப். டிரை (சுத்தமான சத்தம்), எஃப்எக்ஸ் (ஃபில்டர் சத்தம்), டிகே, க்யூ, சென்ஸ் (எவ்வளவு சுலபமா ஃபில்டர் திறக்கணும்ங்கிறது). உங்க மூணு சிக்கலுக்கும் நேரான பதில் இதுல இருக்கு. டிரையும் எஃப்எக்ஸும் தனித்தனி நாப்ங்கிறது பெரிய சௌகரியம், சுத்தமான சத்தத்தைக் குறைக்காமலே ஃபில்டரை மட்டும் ஏத்தலாம். ஆனா மேல-கீழ திசை மாத்துறது, மோட் மாத்துறது எதுவும் கிடையாது. ஒரே குரல்தான்.

மைக்ரோ க்யூ-ட்ரான்: டிரைவ், க்யூ, மோட், அவ்வளவுதான். மோட்ல லோ-பாஸ், பேண்ட்-பாஸ், ஹை-பாஸ் மூணும் உண்டு. லோ-பாஸ்ல வெச்சுட்டு மறந்துடலாம். டிகே நாப், பிளெண்ட் (சுத்தமான சத்தத்தைக் கலக்குற நாப்) ரெண்டும் இல்லை.

க்யூ-ட்ரான் பிளஸ்: இதோட வேர் 1972ல மியூசிட்ரானிக்ஸ் கொண்டுவந்த மூ-ட்ரான் III. அதை வடிவமைச்ச மைக் பைகல்தான் க்யூ-ட்ரானுக்கும் பின்னால இருந்தவர். பூட்ஸி காலின்ஸ் வாசிப்புல கேட்கிற அந்த "உவாவ்" மூ-ட்ரான் சத்தம்தான். பிளஸ்ல ரேஞ்ச் சுவிட்ச் இருக்கு, பேஸுக்கு லோ பக்கம். திசை மாத்துற சுவிட்ச் இருக்கு. ரெஸ்பான்ஸ் சுவிட்ச்ல வேகம், மெதுவுன்னு ரெண்டு. மெதுவு பக்கம் தள்ளினா ஈ கம்பி நடுக்கம் அடங்கும். அதோட ஒரு எஃபெக்ட்ஸ் லூப் (நடுவுல வேற பெடலை மாட்டுற வழி). லூப் எதுக்குன்னு ஃபஸ் (ஓவர்டிரைவைவிட முரட்டுக் கரகரப்பு தர்ற பெடல்) வாங்குற அன்னைக்குப் புரியும். குறைன்னா, பெட்டி பெருசு, போர்டுல இடம் கேட்கும்.

ஃபில்டர் ட்வின்: ரெண்டு ஃபில்டர், ஒண்ணு மேல ஏறும்போது இன்னொண்ணு கீழ இறங்கும். பிளெண்ட் நாப் அந்த ரெண்டுக்கும் நடுவுலதான், சுத்தமான சத்தத்துக்கு இல்லை. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ரெண்டும் பாதிப்பாதியா இருக்கிற இடத்துல சத்தம் அழகா குழையும், வேற எதுலயும் வராத குரல். ஆனா ஒரே ஒரு பெடல்தான்னா, இது முதல் பெடல் இல்லை.

செகண்ட் ஹேண்ட்ல பார்த்தா டிஓடி எஃப்எக்ஸ்25 கண்ணுல படும். பின்னால பி எழுத்து இருக்கிறதை எடுங்க, எஃப்எக்ஸ்25பி-லதான் பிளெண்ட் நாப் சேர்த்தாங்க.

உங்களுக்கு எம்82. ஃபஸ் திட்டம் இருந்தா க்யூ-ட்ரான் பிளஸ்.

சுருதிப்பெட்டி

பிளெண்ட் இல்லாவிட்டால் பேஸ் செத்துப்போகும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். லோ-பாஸ் மோடில் க்யூ அளவாக இருந்தால் பிளெண்ட் தேவையே இல்லை. சுத்தமான சத்தம் கலந்தால் அதன் மேல்நோட்டுகளும் கூடவே வரும். ஃபில்டர் மூடியிருக்கும் நேரத்திலும் கம்பியின் உலோகச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "உ"விலிருந்து "ஆ"வுக்கு வாய் திறக்கிற ஜாலம் பாதியாகிவிடும். பிளெண்ட் அவசியமாவது பேண்ட்-பாஸுக்கு.

எதை வாங்கினாலும் ஒழுங்காக அமைக்காவிட்டால் மூன்று நாளில் விற்பனைக்குப் போட்டுவிடுவீர்கள். அமைக்கும் முறை இது.

முதலில் பேஸின் ஈக்யூவை நடுவில் கொண்டு வாருங்கள். ஆக்டிவ் பேஸில் லோ நாபைத் தூக்கி வைத்திருந்தால் ஈ கம்பி மட்டும் ஃபில்டரை அகலத் திறக்கும், ஜி கம்பிக்கு அது அசையாது. அடி கூட வேண்டுமென்றால் ஆம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் பிக்கப்பைக் கொஞ்சம் சேருங்கள். ஃபில்டர் மேய்வதற்கு மேல்நோட்டு வேண்டும். தேய்ந்த கம்பியும் ஃப்ளாட்வவுண்டும் அதைத் தராது, எவ்வளவு நல்ல பெடலும் அப்போது சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது போலத்தான் இருக்கும்.

டிரை பூஜ்யம், க்யூ நடுவில், சென்ஸ் பூஜ்யம். ஏ கம்பியில் நீங்கள் வாசிப்பதிலேயே ஓங்கிய அடியை அடித்துக்கொண்டே சென்ஸை மெல்ல ஏற்றுங்கள். ஓர் இடம் வரும்: அதற்கு மேல் திருகினால் சத்தம் இன்னும் பளிச்சென்று ஆகாது, திறந்தபடியே அதிக நேரம் நிற்கும், அவ்வளவுதான். அந்த இடத்திலிருந்து ஒரு மயிரிழை பின்னால் வாருங்கள். இப்போது இடது கையால் கம்பியை அமுக்கிப் பிடித்து கோஸ்ட் நோட் வாசியுங்கள். அது "உ"விலேயே நிற்க வேண்டும். அதுவும் "ஆ" என்றால் சென்ஸ் இன்னும் அதிகம். ஃபங்க்கில் முதல் பீட்டில்தான் எடை. முதல் பீட்டில் முழுசாகத் திறந்து, நடுவே வரும் பதினாறாம் நோட்டுகளில் பாதியும் கால்வாசியுமாகத் திறந்தால் அமைப்பு சரி.

ஸ்லாப்புக்கு (கட்டைவிரலால் கம்பியைத் தட்டியும், விரலால் இழுத்துவிட்டு பாப் செய்தும் வாசிப்பது) இதே அளவு ஒத்துவராது. பாப் செய்யும் நோட்டு விரலால் மீட்டுவதைவிடப் பல மடங்கு பலம். சென்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

டிகேயை டெம்போவோடு சேர்த்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 பீட் என்றால் எட்டாம் நோட்டுக்கு 300 மில்லிசெகண்ட், பதினாறாம் நோட்டுக்கு 150. அடுத்த நோட்டு வருவதற்குள் ஃபில்டர் மூடவில்லையென்றால் அதற்குத் திறக்க எதுவும் மிச்சமில்லை, முதல் நோட்டு மட்டும் "வாவ்", மீதியெல்லாம் வெறும் பளிச். ஆனால் ஓம்விதி சொன்ன நடுக்கம் வராத அளவுக்கு மெதுவாகவும் இருக்க வேண்டும். நடுக்கம் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். இடம் போதவில்லையென்றால் நோட்டைச் சீக்கிரம் அமுக்குங்கள், நடுக்கம் கேட்பது நோட்டின் வாலில்தான்.

க்யூ கடைசி. தனியாக வாசிக்கும்போது அதிகமாக வைக்கத் தோன்றும். குழுவோடு வாசிக்கையில் அதில் கால்வாசியைக் குறைத்துவிடுங்கள்.

நாலுகம்பி

வரிசையை மாற்றிவிட்டேன், ஃபில்டர் முதலில், பிறகு ஓவர்டிரைவ், கடைசியில் கம்ப்ரஸர். பழைய பெடலே கைக்கு ஏற்றபடி திறக்கிறது. அடித்தொனி மட்டும் இன்னும் இல்லை, அது பேண்ட்-பாஸ் என்பது புரிகிறது. நன்றி.

இரண்டு கேள்வி. தனியாக ஒரு பிளெண்டர் பெட்டி வாங்கி இதே பெடலைப் பக்கவாட்டில் ஓட்டினால் புதுசு வாங்காமல் தப்பிக்கலாமா? ஃபஸ், ஆக்டேவ் (ஒரு ஆக்டேவ் கீழே நோட்டு சேர்க்கும் பெடல்) பிறகு சேர்த்தால் எங்கே வைப்பது?

ஓம்விதி

தப்பிக்கலாம், ஆனால் போலாரிட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஃபில்டர்கள் சிக்னலைத் தலைகீழாக வெளியே விடும். தனியாகக் கேட்டால் தெரியாது. சுத்தமான சிக்னலோடு சேரும்போது ஒன்றையொன்று அழிக்கும். சோதனை எளிது: ஈ கம்பியைத் திறந்து மீட்டி, ஃபில்டர் சத்தத்தோடு சுத்தமான சத்தத்தை மெல்லச் சேருங்கள். சேரச் சேர அடி கனத்தால் சரி. சேரும்போது மெலிந்தால் தலைகீழ். ஆகவே போலாரிட்டி மாற்றும் சுவிட்ச் உள்ள பிளெண்டராகவே எடுங்கள். பேண்ட்-பாஸில் சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதாவது ஓர் இடத்தில் கொஞ்சம் குழி விழும், ஏனென்றால் நடுப்புள்ளிக்குக் கீழே ஃபேஸ் 90 டிகிரி வரை விலகுகிறது. காதுக்கு எது கனமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல பிளெண்டர் விலைக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு லோ-பாஸ் ஃபில்டரே கிடைக்குமானால் நான் அந்தப் பக்கம்தான் போவேன்.

அடிநாதம்

ஆக்டேவ் ஃபில்டருக்கு முன்னால. அனலாக் ஆக்டேவர் அடிநோட்டைப் பிடிச்சுதான் எண்ணுது. ஃபில்டருக்குப் பின்னால வெச்சா ஒவ்வொரு நேரமும் வேற வேற ஹார்மோனிக் தூக்கலா வரும், எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாம தடுமாறும். இன்னொண்ணு, திறந்த ஈ-க்கு ஒரு ஆக்டேவ் கீழன்னா 20 ஹெர்ட்ஸ், ஸ்பீக்கருக்கும் பயனில்லை, காதுக்கும் பயனில்லை. ஏ கம்பி அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மேல வாசிங்க.

ஃபஸ்தான் வம்பு. ஃபில்டருக்கு முன்னால வெச்சா மேல்நோட்டு கொட்டிக் கிடக்கும், சத்தம் சிந்த் மாதிரி பிரமாதமா இருக்கும். ஆனா ஃபஸ் எல்லாத்தையும் தட்டையாக்கிடும், ஃபில்டர் திறந்தது திறந்தபடியே நிக்கும், நோட்டு சாகும்போதுதான் மூடும். பின்னால வெச்சா ஃபில்டர் கைக்கு நல்லா அசையும், ஆனா ஃபஸ் புதுசா மேல்நோட்டை உண்டாக்கி அந்த அசைவை மூடி மறைச்சிடும். க்யூ-ட்ரான் பிளஸ்ல லூப் இருக்கிறது இதுக்குத்தான்: ஃபஸ்ஸை லூப்ல மாட்டினா ஃபில்டர் வழியா போறது ஃபஸ் சத்தம், ஃபில்டரை அசைக்கிறது உங்க சுத்தமான சிக்னல்.

லூப் இல்லாத பெடல்னா ஃபஸ்ஸை முன்னால வெச்சு அதோட கெயினைப் பாதிக்குக் கீழ இறக்குங்க, வால்யூமையும் பைபாஸ் அளவுக்கே வெச்சுக்கோங்க. வால்யூம் கூடினா சென்ஸ் அமைப்பு மொத்தமும் குலைஞ்சிடும், ஃபஸ்ஸை மிதிக்கிறப்பல்லாம் குனிஞ்சு நாபைத் திருகிட்டிருக்க முடியாது.