‘ஆலடி வீட்டார்’ குழு: சின்னவனின் ஒப்பரேசன்

கவிதா: இன்று கிளினிக் போய் வந்தோம். சேர்ஜன் சின்னவனைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார். ஸ்னொட்கிராஸ் என்று ஏதோ சொன்னார், கொப்பியிலும் எழுதினார். இவன் கத்தின கத்தலில் பாதி காதில் விழவில்லை. தர்சினி அக்கா, டியூட்டி முடிந்ததும் சொல்லுங்கோ.

கவிதா: (படம்)

தர்சினி: கவிதா, அந்தப் படத்தை உடனே அழி. எல்லோருக்கும் அழிக்கிறதை அமத்து. டொக்டருக்குக் காட்டுவது வேறு, இத்தனை பேர் இருக்கிற குழுவில் பிள்ளையின் படத்தைப் போடுவது வேறு.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராசன் மாமா: பிள்ளைக்கு என்ன? ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே.

சுதன்: மாமா, பிறந்தபோதே சலம் போகிற துவாரம் நுனியில் இல்லை, கொஞ்சம் கீழ்ப்பக்கமாக இருக்கிறது. ஹைப்போஸ்பேடியாஸ் என்கிறார்கள். ஊரெல்லாம் கதையாகும் என்றுதான் சொல்லாமல் இருந்தோம்.

பெரிய மாமி: கிரகணத்தன்று வெளியில் போகாதே என்று தலைபாடாய் அடித்தேன். யார் கேட்டது?

தர்சினி: மாமி, கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவளைப் போட்டு வறுக்காதேயுங்கோ. வயிற்றில் முதல் நாலு மாதத்துக்குள் சலக்குழாய் அடியிலிருந்து நுனி வரை மூடிக்கொண்டு வரவேண்டும், இடையில் நின்றுவிட்டால் இப்படி வரும். ஆண்பிள்ளைகளில் 200, 300 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் இல்லாத மாதிரித் தெரிவது எல்லோரும் மறைப்பதால்தான்.

ராசன் மாமா: அப்ப முன்தோலை வெட்டிவிட்டால் சரிதானே? மன்னாரில் எனக்குத் தெரிந்த ஒருவர் சுன்னத்துச் செய்து தருவார், ஒரு நாள் வேலை.

தர்சினி: ஐயோ மாமா, அதை மட்டும் செய்யவே கூடாது! சட்டை தைக்க எடுத்து வைத்த துணியை வெட்டி எறிகிற கதைதான் அது. சேர்ஜன் புதுக் குழாயை மூடுவதற்கும், வேண்டி வந்தால் குழாய் செய்வதற்குமே அந்தத் தோலைத்தான் எடுப்பார். முஸ்லிம் வீடுகளிலும் இப்படிப் பிள்ளை என்றால் சுன்னத்தை ஒத்திவைத்து, ஒப்பரேசனோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

கவிதா: இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார் அக்கா. ஏன் அது?

தர்சினி: நல்ல டொக்டர். துவாரமும் கீழே, விதையும் இறங்கவில்லை என்றால் கத்தி வைக்க முதல் ஹோர்மோன், குரோமோசோம் எல்லாம் சோதிக்கவேண்டும். இறங்கியிருந்தால் அந்தக் கவலை இல்லை.

சரி, ஸ்னொட்கிராஸுக்கு வருகிறேன். வொரன் ஸ்னொட்கிராஸ் என்பவர் 1994 இல் எழுதிய முறை. துவாரத்திலிருந்து நுனி வரை ஒரு மெல்லிய சவ்வுப் பட்டை இருக்கும், அதுதான் குழாயாக வேண்டியது. அது ஒடுக்கமாக இருப்பதால் நடுவில் நீளவாக்கில் ஒரு கீறு போட்டு அகலமாக்கி, மெல்லிய ரியூப் ஒன்றைச் சுற்றி உருட்டித் தைப்பார்கள். கண்ணில் லூப் என்கிற பெருப்பித்துக் காட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு, தானே கரைகிற 6-0, 7-0 என்கிற மிக மெல்லிய நூலால். அதற்கு மேல் முன்தோலின் உட்பக்கத்து மெல்லிய படை ஒன்றை இழுத்துப் போர்த்தி, அப்புறம்தான் வெளித்தோல். அந்த நடுப் படையில்தான் விசயமே இருக்கிறது, அது சரியாக வராவிட்டால் தையலுக்குள்ளால் சலம் ஒழுகும்.

துவாரம் நுனிக்கு மிகக் கிட்ட என்றால் மக்பி என்று இன்னும் சின்ன வேலை இருக்கிறது. இவனுக்கு அது காணாது என்று நினைத்திருப்பார்.

சுதன்: ஒரே ஒப்பரேசனோடு முடியுமா என்று கேட்டேன், மேசையில் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார். மழுப்புகிறாரோ என்று நினைத்தேன்.

தர்சினி: இல்லை தம்பி, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மயக்கம் கொடுத்த பிறகு சேலைன் ஏற்றி உறுப்பை விறைக்க வைத்து, அது கீழ்ப்பக்கம் வளைகிறதா, வளைவு எவ்வளவு என்று பார்ப்பார்கள். கொஞ்ச வளைவு என்றால் மேல்பக்கத்தில் தையல் போட்டு நிமிர்த்தலாம். நல்ல வளைவு இருந்து பட்டையையே வெட்டவேண்டி வந்தால் இரண்டு கட்டம். முதல் முறை முன்தோலின் உட்பக்கத்தை எடுத்து அந்த இடத்தில் ஒட்டி விடுவார்கள், ஒரு ஆறு மாதம் கழித்து அது நன்றாகப் பிடித்த பிறகு குழாயாக உருட்டுவார்கள். முன்தோல் இல்லாத பிள்ளைகளுக்குக் கன்னத்தின் உட்பக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். மாமா, இப்ப விளங்குதா?

ராசன் மாமா: 🙏 விளங்குது பிள்ளை.

யோகா சித்தி: நான் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை. எங்கட மூத்தவனுக்கும் இதேதான். ஒப்பரேசன் முடிந்து சில கிழமையில் பக்கத்தால் இன்னொரு சின்ன ஓட்டை வந்து இரண்டு தாரையாகச் சலம் போனது, நான் பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று குழறினேன். அப்படி வரலாம் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் முன்னமே சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. பிறகு திரும்பத் தைத்துச் சரியாகிவிட்டது. இப்ப அவன் மோட்டார் சைக்கிளில் பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் பறக்கிறான்.

தர்சினி: ஃபிஸ்டுலா. நல்ல கைக்கும் சிலருக்கு வரும் சித்தி. வந்தாலும் உடனே தைக்கமாட்டார்கள், வீக்கம் வற்றிச் சதை இளகக் குறைந்தது ஆறு மாதம் விடுவார்கள். இன்னொன்று, நுனித் துவாரம் சுருங்குவது. தாரை நூல் மாதிரி மெலிந்து பிள்ளை முக்கினால் அடுத்த கிளினிக் வரை இருக்கவேண்டாம், கொண்டு போங்கோ.

சுதன்: அறுப்பு முடிய வைத்தால் எனக்கு வசதி. பிந்தினால் பிழையா?

தர்சினி: அவசர ஒப்பரேசன் இல்லை. 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் செய்வது நல்லது, அந்த வயதுப் பிள்ளைக்கு ஞாபகமும் நிற்காது. இவனுக்கு இப்ப 9 தானே. ஆனால் தந்த திகதியை விட்டால் அடுத்தது எப்ப கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? நெல்லை ராசன் மாமா பார்ப்பார்.

ராசன் மாமா: ஓம் ஓம், போய்ட்டு வாங்கோ. நெல்லு எங்கேயும் ஓடாது. வான் நான் பிடித்துத் தாறன்.

கவிதா: பால் குடுக்கலாமா அன்றைக்கு?

தர்சினி: தாய்ப்பால் மயக்கத்துக்கு 4 மணித்தியாலம் முதல் நிற்பாட்டு. மாப்பால், சாப்பாடு 6 மணித்தியாலம். நேரத்தை வார்டில் சொல்லுவார்கள், அதன்படி செய். தடிமன், காய்ச்சல் இருந்தால் மறைக்காதே. சலம் போக உள்ளே விடுகிற ரியூப் ஒரு கிழமையளவில் இருக்கும். இரவில் திடீரென்று முதுகை வளைத்துக் கத்துவான், அது சலப்பை இழுப்பு, மருந்து இருக்கிறது, கேள். கட்டு அவிழ்க்கும் வரை கிணற்றடிக் குளிப்பு இல்லை. இடுப்பில் காலை அகட்டித் தூக்கவும் வேண்டாம், பெரிய மாமி, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

பெரிய மாமி: நான் தொட்டிலடியில் இருந்து பார்க்கிறேன், தூக்கமாட்டேன். பிள்ளை வந்தால் போதும்.

தர்சினி: பம்பஸ் இரண்டு சைஸில் வாங்கு கவிதா. உள்ளே போடுகிறதில் முன்பக்கம் சின்ன ஓட்டை வெட்டி ரியூபை வெளியே எடுத்து, மேலே பெரியதைப் போடவேண்டும். மலம் உள்ளதில், சலம் வெளியதில். காயத்தில் ஒன்றும் படாது.

கவிதா: இப்ப மீடியம் போடுகிறோம்.

தர்சினி: அப்ப மேலே லார்ஜ்.