சின்ன போட்ல அஞ்சு நாள் ஹாக்ஸ்பரி ஆத்துல தங்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

புதுப்படகு:
வணக்கம் மக்களே. சிட்னிக்கு வந்து எட்டு வருசம் கழிச்சு ஒரு வழியா போட் வாங்கிட்டேன், 6 மீட்டர், செகண்ட் ஹேண்ட், முன்னாடி ரெண்டு பேர் படுக்குற அளவுக்கு ஒரு பொந்து மாதிரி கேபின், பின்னாடி 115 எச்பி அவுட்போர்ட் மோட்டார். லைசன்ஸும் எடுத்தாச்சு. ஏப்ரல் ஸ்கூல் லீவுல நான், வீட்டம்மா, 9 வயசு பொண்ணு மூணு பேரும் ஆத்தோரமா இருக்க புரூக்ளின்ல போட்டை இறக்கி வைஸ்மன்ஸ் ஃபெரிங்கிற ஊர் வரைக்கும் மேல போயிட்டு திரும்பி வரலாம்னு பிளான், மொத்தம் அஞ்சு நாள். யூடியூப்ல பாத்தா பூரா ட்ரோன் ஷாட்டும் காபி கப்புமாத்தான் இருக்கு, பாத்ரூமுக்கு என்ன பண்ணாங்க, சோறு எங்க பொங்குனாங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. தினப்படி பொழப்பு எப்படி ஓடும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சேத்துல_நின்னவன்:
ப்ரோ, மொதல்ல கைல கட்டிருக்க வாட்சை கழட்டி வைங்க. அங்க எப்ப கெளம்பணும், எப்ப சாப்பிடணும், எங்க படுக்கணும் எல்லாத்தையும் டைட்தான் (கடலால ஆத்துத் தண்ணி ஏறி எறங்குறது) முடிவு பண்ணும். பௌர்ணமி, அமாவாசை ஒட்டி தண்ணி ஒண்ணரை மீட்டருக்கு மேல ஏறி எறங்கும், ஆறு மணி நேரம் ஏத்தம் ஆறு மணி நேரம் எறக்கம், அதுலயும் நடுவுல இருக்க ரெண்டு மணி நேரத்துலதான் பாதி தண்ணி ஓடிடும். நான் மொத தடவை போனப்ப ஸ்பென்சர் பக்கம் மேங்ரோவ் க்ரீக்னு ஒரு கிளை ஆத்துக்குள்ள நுழைஞ்சு, ஆஹா என்ன அமைதி, அலையே இல்லன்னு கரையோரமா ஒண்ணரை மீட்டர் தண்ணில நங்கூரம் போட்டுட்டு நிம்மதியா படுத்தேன். அது ஹை டைட், அன்னைக்கு பௌர்ணமி வேற. நடுராத்திரி மேல சமையல் சட்டி தானா நடந்து வந்து என் தலைமாட்டுல நிக்குது. எந்திரிச்சு டார்ச் அடிச்சா தண்ணியே இல்ல, சுத்தி சேறு, நண்டுங்க என்னைய வேடிக்கை பாக்குது. எறங்கித் தள்ளலாம்னு காலை வெச்சேன், தொடை வரைக்கும் உள்ள போயிருச்சு. விடியக்காலம் வரைக்கும் சாய்ஞ்ச போட்ல சாய்ஞ்சே உக்காந்திருந்தேன், கொசு மட்டும் நேரா நின்னுச்சு.

அதனால நங்கூரம் போடும்போது இப்ப எவ்ளோ ஆழம்னு மட்டும் பாக்காதீங்க, லோ டைட்ல எவ்ளோ மிஞ்சும், ஹை டைட்ல எவ்ளோ ஏறும் ரெண்டையும் போட்டுப் பாருங்க. ஏறுன ஆழத்துக்கு அஞ்சு மடங்காவது கயிறு விடணும். இன்னொன்னு, கடல்ல ஹை டைட் ஆகி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மேல வைஸ்மன்ஸ் ஃபெரில ஹை டைட். அதனால புரூக்ளின்ல தண்ணி ஏற ஆரம்பிக்கும்போது கெளம்பினா ஏத்தமும் உங்க கூடவே வரும், பெட்ரோல் நல்லா மிச்சமாகும். திரும்பி வரும்போது அந்த லக் கெடையாது, எதுக்க வர்ற டைட் வழியிலயே புடிச்சிடும்.

அப்புறம் 2 பெர்த் கேபின்ல 3 பேரா? யாரு வெளிய படுக்கப் போறது? 😄

இட்லிமாவு:
பாத்ரூம் கேட்டீங்கல்ல, போர்ட்டபிள் டாய்லெட் ஒண்ணு வாங்கிடுங்க, சின்னதா கேஸட் டைப். ஆத்துல கொட்டக்கூடாது, ஃபைன் போடுவாங்க, கரைக்கு வந்து அதுக்குன்னு இருக்க எடத்துலதான் காலி பண்ணணும், அந்த வேலைய யாரு செய்யிறதுன்னு கெளம்புறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க, நடுவுல பேசினா சண்டை வரும் (அனுபவம்).

சாப்பாட்டுக்கு மொத ரெண்டு நாள் கட்டுச்சோறுதான், புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு. எஸ்கில (ஐஸ் பொட்டி) தண்ணி பாட்டிலயே கட்டியா உறைய வெச்சு அடுக்கினா ஐஸாவும் ஆச்சு, உருகினா குடிக்கவும் ஆச்சு. தயவு செஞ்சு இட்லி மாவு கொண்டு போகாதீங்க, என் பேரைப் பாத்தே தெரிஞ்சிருக்கும், ரெண்டாம் நாள் டப்பா மூடி தெறிச்சு எஸ்கி பூரா மாவு. அடுப்பை கேபினுக்குள்ள பத்த வைக்கவே வைக்காதீங்க. கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா வெளிய போகாம போட்டோட அடித்தட்டுல தேங்கி நிக்கும், பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். பின்னாடி டெக்ல, நங்கூரம் போட்டதுக்கப்புறம்தான் சமையல். பாத்திரம் ஆத்துத் தண்ணில கழுவலாம், புரூக்ளின் பக்கம் உப்புக் கரிக்கும், கடைசியா ஒரு கை நல்ல தண்ணி.

பொண்ணுக்கு 9 வயசுன்னீங்க, 12 வயசுக்குள்ள பிள்ளைங்க உங்க சைஸ் போட் ஓடும்போது வெளிய இருந்தா லைஃப் ஜாக்கெட் கட்டாயம். சட்டத்துக்காக இல்லன்னாலும் போடுங்க.

டெக்கைத்தேச்சவன்:
இவ்ளோ கஷ்டத்துக்கு ஒரு நல்ல ஹோட்டல்ல ரூம் போட்டு ஜன்னல் வழியா ஆத்தைப் பாக்கலாமே பாஸ்

பழைய_கடலோடி:
தம்பி, நான் யாழ்ப்பாணத்தில கடலோட வளந்தனான், எங்கட பக்கம் வத்துப்பெருக்கு, அதுதான் டைட், முழங்காலளவு எண்டாலே பெரிசு. அந்த நினைப்பில இஞ்ச வந்து நானும் ஒருக்கா சேத்தில இருந்தனான், வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்ல.

முதல்தரம் எண்டால் வைஸ்மன்ஸ் ஃபெரிப் பக்கம் போகாதேங்கோ. கவன் க்ரீக்குக்குள்ள போங்கோ, ரெண்டு பக்கமும் மலை, காத்து அவ்வளவா அடிக்காது, ரெஃபியூஜ் பேயில சின்ன அருவியும் கிடக்கு, பிள்ளை சந்தோசப்படும். அங்க கரைக்குக் கிட்டயே சரியான ஆழம், அதால நங்கூரம் கஸ்டம், பிங்க் நிற பொது மிதவையில கட்டுங்கோ, 24 மணித்தியாலம் நிக்கலாம். ஆனா லீவு நாளில மத்தியானத்துக்கு முன்னம் போகாட்டி ஒண்டும் மிஞ்சாது. மலை மறைக்கிறதால போன் வேலை செய்யாது, விஎச்எஃப் ரேடியோ வச்சிருங்கோ, அவசரத்துக்குக் கூப்பிட சனல் 16. வெளிக்கிடேக்க கடலில மாட்டினவையை மீட்கிற மரீன் ரெஸ்க்யூவுக்கு எப்ப திரும்புவம் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ, திரும்பினாப் பிறகு வந்திட்டம் எண்டு சொல்லவும் மறக்காதேங்கோ, இல்லாட்டி தேடத் துவங்கிடுவினம்.

ஆறு கடலில சேர்ற ப்ரோக்கன் பே வாய்ப்பக்கம், லயன் ஐலண்ட் தாண்டி பின்னேரத்தில போகாதேங்கோ. வடகிழக்குக் காத்து உள்ள தள்ள, வத்துத் தண்ணி வெளிய இழுக்க, ரெண்டும் முட்டி நிமிந்த அலையா நிக்கும், 6 மீட்டர் போட் குதிரை மாதிரித் துள்ளும். பெரிய மழை பெஞ்சு ஒரு கிழமைக்கு ஆத்துப் பக்கமே வேண்டாம், 2022 வெள்ளத்துக்குப் பிறகு முழு மரமே மிதந்து வந்தது. என்னைக்கெண்டாலும் வைஸ்மன்ஸ் போனா, அங்க காரை ஏத்திற ஃபெரி கேபிளில ஓடுது, அது கரையில நிக்கும் மட்டும் பொறுத்து, பிறகு தாண்டுங்கோ. பழைய சிப்பிப் பண்ணைத் தடிகளும் தண்ணிக்குக் கீழ ஒளிச்சிருக்கும், 2004இல சிப்பிகளுக்கு வந்த நோயால கனபேர் தொழிலை விட்டுப்போட்டினம்.

ஏப்ரலில அஞ்சரைக்கே இருட்டிப்போடும், நாலரைக்கு முன்னம் கட்டிப்போட்டு இருங்கோ.

புதுப்படகு:
எல்லாருக்கும் நன்றி. @பழைய_கடலோடி அண்ணை, நீங்க சொன்ன மாதிரியே கவன் க்ரீக் மட்டும்னு மாத்தியாச்சு, அஞ்சு நாளையும் மூணா குறைச்சாச்சு. டைட் டேபிளை பிரிட்ஜ்ல ஒட்டிட்டேன், பொண்ணு தினமும் ஸ்கூலுக்குப் போகும்போது வாசிச்சு சொல்றா.

@சேத்துல_நின்னவன், வெளிய படுக்கப் போறது நான்தானாம். வீட்ல முடிவு பண்ணிட்டாங்க, கொசுவலை மட்டும் வாங்கித் தர்றதா சொல்லிருக்காங்க.