தண்டுவடக் காயத்துக்குப் பிறகு தனி வீடெடுத்துத் தங்குவது: உறுதியா, பிடிவாதமா?

கேள்வி: பொருநைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த சாலை விபத்தில் முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டதால், தொப்புளுக்குக் கீழே எனக்கு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கைகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. வேலூரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றபோது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும் அங்கிருந்து கழிப்பறை இருக்கைக்கும் மாறுவதையும், நேரம் பார்த்து நானே கதீட்டர் என்ற மெல்லிய குழாயை வைத்துச் சிறுநீர் எடுப்பதையும், சிறிய மேடு பள்ளங்களில் நாற்காலியைச் செலுத்துவதையும் கற்றுக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு இவற்றில் பாதியைக்கூட நான் செய்வதில்லை; தம்ளரை நோக்கி நான் கையை நீட்டும் முன்பே அம்மா அதை எடுத்து என் கையில் கொடுத்துவிடுகிறார்.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே தரைத்தளத்தில் ஒரு வீடெடுத்துத் தனியாகத் தங்க விரும்புகிறேன். "ராத்திரி விழுந்து கெடந்தா யாருல வந்து தூக்குவா?" என்று அம்மா கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாமாவோ இது வெறும் பிடிவாதம் என்கிறார். இன்னொரு பக்கம், நேர்மறையாக எண்ணினால் எல்லாம் கைகூடும் என்று தினமும் காலையில் காணொளி அனுப்பும் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. உண்மையில் தனியாக வாழ்பவர்கள் எதைத் தயார் செய்துகொண்டு கிளம்பினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வைகை வடகரை

தம்பி, நான் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அதில் ஒன்பது ஆண்டுகள் மதுரையில் தனியாகத்தான் வாழ்கிறேன். உறுதியா, பிடிவாதமா என்ற விசாரணையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் ஓர் அளவுநாடா வாங்கிக்கொள்ளுங்கள். வீடு பார்க்கப் போகும்போது எல்லோரும் கூடத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். நம் ஊர் வாடகை வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டரை அடியைத் தாண்டாது. அதில் கதவின் தடிமனும் கீலும் இரண்டு அங்குலத்தை விழுங்கிவிடும். மீதியுள்ள இடத்தில் இருபத்தாறு அங்குல நாற்காலியை ஓட்டிப் போனால், சக்கர வளையத்தைப் பிடித்திருக்கும் விரல் முட்டி நிலையில் உரசி ஒவ்வொரு நாளும் தோல் போகும். நான் கதவையே கழற்றிவிட்டுத் திரை போட்டுக்கொண்டேன். தனியாக இருப்பவளுக்குக் குளியலறைக் கதவு எதற்கு?

அடுத்தது வாசற்படி. ஓரடி நீளச் சாய்தளத்தில் ஓர் அங்குலம் உயரலாம் என்பதுதான் கணக்கு. ஆகவே அரையடிப் படி ஒன்றுக்கே ஆறடி நீளம் வேண்டும். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் சிமென்ட் போட்டு வாசலை மாற்றச் சம்மதிக்கவில்லை; கோலம் போடும் இடம் போய்விடும் என்று அவருடைய மனைவியும் வருந்தினார். கடைசியில், மடக்கிச் சுவரில் சாய்த்து வைக்கக்கூடிய அலுமினியப் பலகை ஒன்றைச் செய்வித்தேன். கோலம் அதன் இடத்தில் இருக்கிறது. நான் காலையில் அதன்மேல் பலகையை விரித்து இறங்கிப் போகிறேன்.

நம்மைப் போன்றவர்களுக்குத் தனிமையைவிட ஆபத்தானது வலி தெரியாமைதான். முதலாண்டில் ஒருநாள், சுடவைத்த பால் பாத்திரத்தை அடுக்களையிலிருந்து கூடத்துக்கு மடியில் வைத்து எடுத்து வந்தேன். பால் சிந்தவே இல்லை. மாலையில் உடை மாற்றும்போதுதான் தொடையில் உள்ளங்கையளவு கொப்புளம் எழும்பியிருப்பதைக் கண்டேன். அது ஆற இரண்டு மாதமாயிற்று. சூடான எதுவும், மடிக்கணினி உட்பட, நேரடியாக மடிக்கு வரக்கூடாது என்பது அன்றிலிருந்து என் வீட்டுச் சட்டம். இருக்கையில் இருபது நிமிடத்துக்கொரு முறை கையை ஊன்றி உடலைத் தூக்குவதையோ முன்னால் நன்றாகக் குனிவதையோ, காலையிலும் இரவிலும் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பின்புறத்தைப் பார்ப்பதையும், யாரும் நினைவூட்டாமல் நீங்களே செய்யும் நிலைக்கு வந்துவிட்டீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அம்மா நினைவூட்டித்தான் செய்கிறீர்கள் என்றால், கிளம்புவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

விழுவதைப் பற்றி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலும் உண்டு. இரவில் உள்தாழ்ப்பாள் போடாதீர்கள். வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்தி, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். கைப்பேசி மேசையில் இருந்தால் பயனில்லை; கழுத்தில் தொங்கட்டும். நான் இந்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு முறை விழுந்திருக்கிறேன். மூன்று முறை, தாழ்வான மரப்பெட்டியில் முதலில் ஏறி அதிலிருந்து நாற்காலிக்கு மாறிக்கொண்டேன். ஒரு முறை பக்கத்து வீட்டு அக்காவை அழைத்தேன். அழைத்ததில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

பதில் 2: ஊன்றுகோல் நடராசன்

தங்கை அளவுகளையெல்லாம் அழகாகச் சொல்லிவிட்டதால் நான் வேறொன்றைச் சொல்கிறேன். இரண்டு வயதில் போலியோ வந்து, காலிப்பர் என்ற கால்தாங்கியோடும் ஊன்றுகோலோடும் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவர் கையை எதிர்பாராமல் வாழ்வதுதான் தன்மானம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் மழைக்காலத்தில் பேருந்து நிலையத்துச் சகதியில் எத்தனை முறை விழுந்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்றொருவர் இருந்தார். 1953இல் பதினான்கு வயதில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழே ஏறத்தாழ முழுவதும் செயலிழந்து, இரவில் மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரல் என்ற எந்திரத்துக்குள் உறங்கியவர். 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அந்த எந்திரத்தை வைக்க விடுதியில் வசதி இல்லாததால், வளாக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். இவர் ஒருநாளும் வேலை செய்ய இயலாது என்று ஒதுக்கிய கலிபோர்னிய மாநில மறுவாழ்வுத் துறைக்கே 1975இல் இயக்குநராகவும் ஆனார். 1972இல் பெர்க்லியில் தொடங்கிய சுயசார்பு வாழ்வு மையம் இவரும் தோழர்களும் சேர்ந்து எழுப்பியதே. இவரால் தானாகச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட இயலாது, உதவியாளர்தான் போட்டுவிடுவார். ஆனால் எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு, அன்று எங்கே போவது என்பதெல்லாம் அவருடைய முடிவு. சுயசார்பு என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்த பொருள் அதுதான்.

அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் ஊரிலிருந்து தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி எத்தனை தொலைவு? பொறியியல் படித்துக்கொண்டிருந்த ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்தில் அடிபட்டுக் கைகால்கள் செயலிழந்தார். 1981இல் தம் ஊரான ஆய்க்குடியிலேயே, மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். நாள் முழுதும் அவருக்குப் பிறர் உதவி தேவை. 2020இல் பத்மஸ்ரீ பெற்ற அவரை யாராவது சார்ந்து வாழ்பவர் என்று சொல்வார்களா? உங்கள் மாமாவை ஒருமுறை அங்கே அழைத்துக்கொண்டு போங்கள்.

அவரிடம் இன்னொன்றையும் சொல்லலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5ஆவது பிரிவு, சமூகத்தில் எல்லோரோடும் வாழும் உரிமை நமக்கு உண்டு என்கிறது. இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு நேராதபடி அரசு முயல வேண்டும் என்றும், வாழ்வதற்குத் தேவைப்படும் தனிப்பட்ட உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஏட்டில் உள்ளதற்கும் நாட்டில் நடப்பதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பிடிவாதம் என்று மாமா சொல்வதைச் சட்டம் உரிமை என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டையை இதுவரை வாங்கவில்லையென்றால், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

பதில் 3: எட்டு மாதத்தில் திரும்பியவன்

நண்பரே, உங்களைப் போலவே உற்சாகமாகக் கிளம்பிப் போய்த் தோற்றுத் திரும்பியவன் நான். அதனால் என் பேச்சையும் கேட்டுக்கொள்ளுங்கள். திருச்சியில் வேலை, தனி வீடு, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் என்று எல்லாம் அமைந்திருந்தன. ஆறாவது மாதத்தில் உட்காரும் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டிய சிவப்பு வெளுக்கவே இல்லை. அது ஆபத்தின் அடையாளம் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் அது மார்ச் மாதம், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். விடுப்பு கேட்டால், "நாங்கள் அப்போதே நினைத்தோம்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அம்மாவிடமும் சொல்லவில்லை, எதையும் தாங்கும் இளைஞன் என்ற பெயரை ஊரில் வாங்கி வைத்திருந்தேன் அல்லவா!

மூன்று வாரத்தில் அது எலும்பு வரை போயிற்று. அறுவை சிகிச்சை, அதன் பிறகு ஐந்து மாதம் குப்புறப் படுத்த வாழ்க்கை. நேர்மறை எண்ணம் எனக்குக் குறைவாக இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. அளவுக்கு மீறி இருந்ததால்தான் புண்ணை ஒளித்து வைத்தேன். முதல் நாளே இரண்டு நாள் விடுப்பு எடுத்துப் படுத்திருந்தால் அது ஆறியிருக்கும்.

இப்போது மீண்டும் திருச்சியில்தான் இருக்கிறேன், இரண்டாவது முறையாக. வேலையில் சேரும் அன்றே மேலாளரிடம் நான்கு செய்திகளை எழுதிக் கொடுத்தேன்: மதியம் அரைமணி நேரம் படுக்க இடம் வேண்டும், கழிப்பறைக்கு இன்ன நேரத்தில் போவேன், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், அன்று வரமாட்டேன், தோல் சிவந்தால் இரண்டு நாள் வரமாட்டேன். அவர் படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். ஸ்கூட்டரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது உங்களை அலுவலக வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும், நாற்காலியைக் கொண்டுபோகாது. பழைய நாற்காலி ஒன்றை அலுவலகத்திலேயே நிறுத்தி வைத்து, வாயிற்காவலரிடம் சொல்லி வையுங்கள்.

பதில் 4: செல்வியின் அம்மா

நான் மாற்றுத்திறனாளி அல்ல. அப்படி ஒரு பெண்ணின் தாய். உங்கள் அம்மாவுக்காக ஒரு சொல் சொல்லலாமா, தம்பி? என் மகள் சென்னைக்குப் போன புதிதில் நான் நாளுக்கு ஏழெட்டு முறை தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தேன். அவள் குளிக்கும்போது மணி அடித்து, எடுக்க அவசரப்பட்டு ஒருமுறை வழுக்கியே விட்டாள். அதன் பிறகு ஓர் ஏற்பாடு செய்தாள். இரவு ஒன்பது மணிக்கு அவளே அழைப்பாள். ஒன்பதரை வரை அழைப்பு வராவிட்டால் நான் அவளுக்கு அடிக்கக் கூடாது, கீழ்வீட்டுக்காரருக்கு அடிக்க வேண்டும். அந்த ஒன்பதரை என்ற எல்லை தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. உங்கள் அம்மாவிடம் ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் நம்பமாட்டார். ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் செய்தே காட்டுங்கள்.

மீண்டும் பொருநைக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். செல்வியின் அம்மா சொன்னபடியே செய்து காட்டினேன். வீட்டின் பின்கட்டில் பத்து இரவுகள் தனியாகத் தங்குவது, நான் அழைத்தால் ஒழிய யாரும் உள்ளே வருவதில்லை என்று பேசிக்கொண்டோம். நான்காம் நாள் வேண்டுமென்றே பாயை விரித்துத் தரையில் இறங்கி, மரப்பெட்டி வழியாக நாற்காலிக்கு ஏறினேன். முதல் முறை இருபத்தேழு நிமிடம் பிடித்தது. அம்மா கதவுக்கு வெளியே நின்றது எனக்குத் தெரியும். கதவைத் தள்ளாமல் நின்றாரே, அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்தாம் நாள் அது ஒன்பது நிமிடமாகக் குறைந்தது. காலையில் தோலைப் பார்க்க இரண்டு நாள் மறந்துபோனேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அக்கா சொன்னபடியே கிளம்பும் நாளை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டேன், அலுவலகத்திலும் அதற்குச் சம்மதித்தார்கள்.

மாமா ஆய்க்குடிக்கு வரவில்லை. ஆனால் வீடு பார்க்கக் கோயம்புத்தூருக்கு என்னோடு வந்தார். அளவுநாடாவைப் பிடித்தவரும் அவர்தான். பதினொரு வீடுகள் பார்த்தோம். கடைசியாகக் கிடைத்த வீட்டில் வாசலில் நான்கங்குலப் படி ஒன்றுதான், ஆகவே நான்கடிப் பலகை போதும். குளியலறைக் கதவை மட்டும் கழற்ற வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், ஆனால் கதவை எங்கே வைப்பது என்று கேட்கிறார். கட்டிலுக்கு அடியில் வைத்தால் கரையான் பிடிக்கும் என்று மாமா சொல்கிறார். வைகை வடகரை அக்கா, நீங்கள் உங்கள் கதவை எங்கே வைத்தீர்கள்?