எகிப்து: அஸ்வான், லக்சர், கெய்ரோ – வயது போன ஆக்களோட 12 நாள் காணுமோ?

கோண்டாவில்பிள்ளை:
வணக்கம். டிசம்பர் முற்பகுதியில எகிப்துக்குப் போக யோசிக்கிறம். யாழ்ப்பாணத்தில இருந்து 4 பேர், கனடாவில இருந்து மச்சாளும் அவவின்ர மகனும் நேர கெய்ரோவுக்கு வருவினம். அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் நோ. மட்டமான நிலத்தில ஒரு மணித்தியாலம் நடப்பார், படி எண்டால் கஷ்டம். அம்மா சுத்த சைவம், முட்டையும் இல்லை. 12 நாள் இருக்கு. எங்க தொடங்கி எங்க முடிக்கிறது? அஸ்வானில இருந்து லக்சருக்கு நைல் ஆத்தால கப்பல்ல வாறதோ, வானில வாறதோ? அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமோ? காசை எப்பிடிக் கொண்டு போறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

தட்டிவான்:
தங்கச்சி, 12 நாள் தாராளமாக் காணும். ஆனால் கெய்ரோவில தொடங்காதேங்கோ. போய் இறங்கினவுடன அந்த நெரிசலுக்கையும் ஹோர்ன் சத்தத்துக்கையும் மாட்டினால் அப்பாவுக்கு ரெண்டாம் நாளே களைச்சுப் போயிடும். கெய்ரோ விமானநிலையத்தில இறங்கி, அங்கயிருந்தே அஸ்வானுக்கு உள்நாட்டு விமானம் எடுங்கோ. ஒண்டரை மணித்தியாலம்தான். ரெண்டு ரிக்கற்றும் தனித்தனியா எடுத்திருந்தால் இடையில 5 மணித்தியாலமாவது விடுங்கோ. முதல் விமானம் பிந்தினால் ரெண்டாவது ரிக்கற் காசு போனதுதான்.

அஸ்வான் 3 இரவு, லக்சர் 4 இரவு, கெய்ரோ 4 இரவு. அஸ்வானில ரெண்டாம் நாள் அபு சிம்பெல். 280 கிலோமீற்றர், பாலைவனப் பாதை. விடிய 4, 5 மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏற முதல் கோயிலுக்கு முன்னால நிப்பியள். வழியில பொலிஸ் சோதனை இருக்கு, எல்லாரும் பாஸ்போட்டைக் கையில வைச்சிருங்கோ. அஸ்வானில பெரிய அணை கட்டேக்க தண்ணிக்குள்ள போகாமல் 1964 தொடக்கம் 1968 வரை அந்த மலைக்கோயிலைத் துண்டு துண்டா வெட்டி, ஏறக்குறைய 65 மீற்றர் உயரத்துக்குத் தூக்கி வைச்சவை. நுழைவாயிலில இருந்து அந்தச் செயற்கை மலையைச் சுத்தி இறக்கத்தில நடக்கவேணும். திரும்பேக்க அதே தூரம் ஏத்தம். அப்பாவை அவசரப்படுத்தாதேங்கோ.

மூண்டாம் நாள் காலமை ஃபிலே. அது தீவு. கோயில் ரிக்கற் வேற, படகுக் காசு வேற. படகுக்காரனோட ஏற முதல் பேசவேண்டியது: முழுப் படகுக்கும் எவ்வளவு, போக வர ரெண்டுக்கும் சேர்த்தோ, எவ்வளவு நேரம் காத்திருப்பான். காசு திரும்பி வந்து கரையில இறங்கினாப் பிறகுதான். முதலே குடுத்தால் அரை மணித்தியாலத்தில கூப்பிடத் தொடங்கிடுவான்.

நாலாம் நாள் ஒரு வானைப் பிடிச்சு கொம் ஒம்போ, எட்ஃபு ரெண்டு கோயிலையும் பாத்துக்கொண்டு லக்சர் போங்கோ. ஏறக்குறைய 215 கிலோமீற்றர், நிண்டு நிண்டு போனால் ஒரு பகல். லக்சரில இருந்து கெய்ரோவுக்கு ரெயின் 10 மணித்தியாலம் வரை எடுக்கும், பிந்துறதும் வழமை. அந்த முழங்காலோட அது வேண்டாம். விமானம் ஒரு மணித்தியாலம்.

ஏழாலைக்காரன்:
தட்டிவான் அண்ணை சொன்னதில ஒண்டை மட்டும் மறுக்கிறன். வயது போன ஆக்களுக்கு வானை விடக் கப்பல் சுகம். அஸ்வானில இருந்து லக்சருக்கு வழமையா 3 இரவு, எதிர்ப்பக்கமா வந்தால் 4 இரவு. பெட்டியைக் கட்டி அவிழ்க்கிற வேலை இல்லை, மத்தியானம் அறையில படுக்கலாம், கரையும் பேரீச்சையும் பாத்துக்கொண்டு வரலாம்.

ஆனால் பதிய முதல் மூண்டு விசயம் கேளுங்கோ. ஒண்டு, லிஃப்ற் இருக்கோ எண்டு. கன கப்பல்ல இல்லை. ரெண்டு, துறையில கப்பலுகள் ஒண்டோட ஒண்டு ஒட்டி நாலைஞ்சு நிக்கும். உங்கட கப்பல் கடைசி எண்டால் மற்றக் கப்பலுகளுக்குள்ளால நடந்து, படி ஏறி இறங்கித்தான் கரைக்குப் போகவேணும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின்ர ஜன்னல்தான் தெரியும். கரையில கெதியா இறங்கக்கூடிய கப்பலோ எண்டு எழுத்தில கேளுங்கோ. மூண்டு, எட்ஃபு துறையில இருந்து கோயிலுக்குக் குதிரைவண்டிதான் காட்டுவினம். மெலிஞ்ச குதிரையள், விலையிலயும் சண்டை. வாகனம் தரச் சொல்லி முதலே பேசினால் தருவினம்.

கப்பல் எடுத்தால் லக்சரில 2 இரவையும் அஸ்வானில 1 இரவையும் குறையுங்கோ. மொத்தக் கணக்கு அப்பதான் சரிவரும்.

சுன்னாகத்து வாத்தி:
லக்சரைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டால் அங்கதான் கன பேர் கல்லைப் பாத்துக் களைச்சு வருகினம். நல்லூருக்குப் போய்ப் பழகின ஆக்களுக்கு கர்னாக் கோயில் விளங்காமல் போகாது. முன்னால நிக்கிற ரெண்டு பெரிய சாய்சுவரை எங்கட கோபுரவாசல் எண்டு எடுங்கோ. அதுக்குள்ள வெளி முற்றம், எல்லாச் சனமும் வரலாம். அதுக்குப் பிறகு தூண் மண்டபம்: 134 தூண், நடுவில நிக்கிற 12உம் ஏறக்குறைய 21 மீற்றர் உயரம். இன்னும் உள்ள போகப் போக எகிப்துக் கோயில்ல நிலம் கொஞ்சம் கொஞ்சமா உயரும், கூரை பதியும், வெளிச்சம் குறையும். கடைசியில இருட்டான மூலஸ்தானம், பூசகர் மட்டும். கூரை விழாமல் இருக்கிற எட்ஃபுவில இதை இன்னும் வடிவாப் பாக்கலாம். அம்மாவுக்கு இதை முதலே சொல்லிவிடுங்கோ, வழிகாட்டியே தேவைப்படாது.

திருவிழாவும் உண்டு. ஒப்பெத் திருவிழாவுக்கு ஆமூன் சுவாமி படகு வடிவ வாகனத்தில கர்னாக்கில இருந்து லக்சர் கோயிலுக்கு எழுந்தருளுவார். அந்த வீதி 2.7 கிலோமீற்றர், ரெண்டு பக்கமும் சிங்க உடம்புச் சிலையள். 2021 நவம்பரில திரும்பத் திறந்தவை. முழுக்க நடக்கத் தேவையில்லை. லக்சர் கோயில் பக்கத்தில கொஞ்சத் தூரம் பாத்தால் போதும், அதுவும் பொழுது பட்டாப் பிறகு விளக்கு வெளிச்சத்தில. அந்தக் கோயிலுக்குள்ளயே அபுல் ஹஜ்ஜாஜ் பள்ளிவாசல் இருக்கு. அவரின்ர விழாவில இண்டைக்கும் படகை ஊர்வலமாக் கொண்டு வருகினம்.

நைலின்ர மேற்குக் கரைக்கு ஒரு முழு நாளும் ஒரு அரை நாளும் வையுங்கோ. அங்க பழைய அரசர்களின்ர கல்லறையள் இருக்கிற மன்னர் பள்ளத்தாக்குக்குத் திறக்கிற நேரத்துக்கே போங்கோ. 8 மணிக்குப் பிறகு சுற்றுலா பஸ்ஸுகள் குவியும். பொது ரிக்கற்றுக்கு 3 கல்லறை. எந்த மூண்டு எண்டதுதான் கேள்வி. அப்பாவுக்கு நாலாம் ராம்சேஸ் (2ஆம் இலக்கக் கல்லறை): வாசலுக்குக் கிட்ட, நேரான சரிவு, படி குறைவு. ஒன்பதாம் ராம்சேஸ் (6ஆம் இலக்கம்), மூண்டாம் ராம்சேஸ் (11) ரெண்டும் நல்லம். மூண்டாம் துத்மோஸ் (34) பக்கம் தலை வைச்சும் படுக்காதேங்கோ, மேல ஏறிப் பிறகு கீழ இறங்கிற செங்குத்துப் படி. தனி ரிக்கற்றுக்குக் காசு செலவழிக்கிறதெண்டால் ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ் கல்லறை (9). கூரை முழுக்க வான தேவதை நூத். துட்டன்காமனின்ரயை (62) 1922இல கண்டுபிடிச்ச கதைக்காகத்தான் சனம் போகுது. அறை சின்னன், பொருளில பெரும்பகுதி கெய்ரோப் பக்கம். கல்லறையள் முறை வைச்சுப் பூட்டுவினம். அதால அண்டைக்குத் திறந்திருக்கிற பட்டியலைப் பாத்திட்டு ரிக்கற் எடுங்கோ.

பலர் விடுற பிழை இது: மன்னர் பள்ளத்தாக்குக்கும் ஹட்செப்சுட் கோயிலுக்கும் ரிக்கற் அந்தந்த வாசல்ல. மெதினெத் ஹாபு, ராமெசியம் எண்ட ரெண்டு கோயிலுக்கும், தெய்ர் எல் மெதினா எண்ட பழைய தொழிலாளர் ஊருக்கும் வாசல்ல விக்கமாட்டினம். மெம்னோன் எண்ட ரெண்டு பெரிய சிலையளைத் தாண்டினவுடன வாற ரிக்கற் கந்தோரில முதலே எடுக்கவேணும். தெரியாமல் போனால் வெயில்ல திரும்பி வரவேண்டியதுதான். மெதினெத் ஹாபுவை விடாதேங்கோ. மட்டமான நிலம், கூட்டம் இல்லை, நிறம் இன்னும் இருக்கு.

டிசம்பரில பகல் 23 பாகை அளவு, இரவு 10க்குக் கீழ போகும். சுவெற்றர் கட்டாயம். எங்கட வெயில் மாதிரி வேர்க்காது. வேர்வை உடன காஞ்சு போறதால தாகம் தெரியாது, தலையிடி வந்தாப் பிறகுதான் தெரியும். மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் தண்ணி குடுங்கோ.

கணக்கப்பிள்ளை:
காசு. இலங்கை ரூபாயை அங்க ஒருத்தரும் மாத்த மாட்டினம். அமெரிக்க டொலர், கிழியாத, எழுதாத தாள்கள். 2024 மார்ச்சில எகிப்துப் பவுணின்ர பெறுமதி படுத்தது. அதுக்கு முந்தின விலையள் எந்த இணையத்தில கிடந்தாலும் கணக்கில எடுக்காதேங்கோ. பெரிய இடங்கள்ல நுழைவு ரிக்கற் வங்கி அட்டையில மட்டும்தான், கைக்காசு வாங்கமாட்டினம். எங்கட வங்கிகள் வெளிநாட்டுப் பாவனையைப் பூட்டி வைச்சிருக்கும். வெளிக்கிட முதல் கிளைக்குப் போய்த் திறப்பியுங்கோ. ரெண்டு வேற வங்கி அட்டை, ரெண்டு பேரின்ர பையில. ஒண்டு வேலை செய்யாட்டில் வாசல்ல நிக்க வேண்டி வரும்.

50 பியாஸ்தர் (அரைப் பவுண்) தாளைக் காட்டி "நீங்கள் தந்தது இதுதான், 50 பவுண் இல்லை" எண்டு சண்டை பிடிக்கிறது பழைய வித்தை. குடுக்கேக்க தொகையை வாயால சொல்லிக் குடுங்கோ. விலை பேசேக்க "கினேஹ் மஸ்ரி" எண்டு சொல்லுங்கோ, எகிப்துப் பவுண் எண்டு அர்த்தம். வெறும் பவுண் எண்டால் இறங்கேக்க அது இங்கிலாந்துப் பவுணா மாறிடும். ஆளுக்கோ வாகனத்துக்கோ எண்டதும் முதலே.

5, 10, 20 பவுண் தாள்களைத் தங்கம் மாதிரிச் சேருங்கோ. கழிவறைக்கு 5, 10. கல்லறைக்குள்ள காவலாளி கையைக் காட்டி "வா, இஞ்ச படம் எடு" எண்டால் அது இலவசம் இல்லை. வேண்டாட்டில் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) எண்டிட்டு நிக்காமல் நடவுங்கோ. பாப்பிரஸ் (கோரையில செய்த தாள்) கடைக்கு வழிகாட்டி கூட்டிக்கொண்டு போனால் விலையில அவருக்கும் பங்கு. தெருவில மலிவா விக்கிறது கன இடத்தில வாழைச்சருகு.

அரபு இலக்கத்தைப் போக முதல் பாடமாக்குங்கோ, அரை மணித்தியால வேலை. வட்டமா இருக்கிறது சுழியம் இல்லை, 5. சுழியம் ஒரு புள்ளி. எங்கட 7 மாதிரித் தெரியிறதுதான் அவையின்ர 6. ஆங்கில வீ எழுத்து மாதிரி நிண்டால் 7, கவிழ்ந்து நிண்டால் 8. 4, எங்கட 3ஐத் திருப்பிப் போட்ட மாதிரி. எழுத்து வலமிருந்து இடமா ஓடினாலும் இலக்கத்தை இடமிருந்து வலமாத்தான் வாசிக்கவேணும். விலைப்பலகை, ரெயின் பெட்டி, வாகன இலக்கம் மூண்டுக்கும் இது போதும்.

ஒடியல்கூழ்:
அம்மாவின்ர சாப்பாட்டுக்குப் பயப்பிடாதேங்கோ. கொஷரி: சோறு, பருப்பு, மக்கரோனி, கடலை, பொரிச்ச வெங்காயம், தக்காளிச் சாறு. ஃபூல் எண்டால் அவிச்ச அவரைக்கொட்டை, பாணோட. தாமியா எங்கட வடை மாதிரி, அவரைக்கொட்டையில செய்யிறது. மூண்டும் தெருக்கடையில கிடைக்கும், மூண்டிலயும் இறைச்சி இல்லை.

கவனிக்க வேண்டியது மறைவா வாறதுகள். மொலொக்கியா பாக்கக் கீரைக்கறி, ஆனால் கோழி அவிச்ச தண்ணியிலதான் வைப்பினம். பருப்புச் சூப்பிலயும் சில இடத்தில அப்பிடி. "லஹ்மா இல்லாமல்" எண்டு மட்டும் சொன்னால் கோழி போட்டுத் தருவினம், அவைக்கு லஹ்மா எண்டால் மாடு, ஆடு. "பிதூன் லஹ்மா, பிதூன் ஃபிராக்" (இறைச்சி இல்லாமல், கோழி இல்லாமல்) எண்டு ரெண்டையும் சொல்லுங்கோ. இன்னொரு நல்ல சொல் "ஸியாமி". எகிப்தின்ர கொப்டிக் கிறிஸ்தவரின்ர விரதச் சாப்பாடு, இறைச்சி, பால், முட்டை ஒண்டும் சேராது. அவையின்ர நத்தார் ஜனவரி 7. அதுக்கு முந்தின விரதம் நவம்பர் 25 தொடக்கம் ஜனவரி 6 வரை. நீங்கள் போற காலம் அதுக்குள்ள விழுது, அதால ஸியாமி கேட்டால் எல்லா இடத்திலயும் விளங்கும். மீன் மட்டும் இந்த விரதத்தில சில நாள் சேர்ப்பினம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கோ. உறைப்பு அறவே இல்லை. பருத்தித்துறை வடையும் இடிச்ச மிளகாய்த்தூளும் பெட்டிக்குள்ள வையுங்கோ.

கெய்ரோவில பழைய நகரத்தை வடக்கில இருந்து தெற்கா நடவுங்கோ: பாப் அல் ஃபுதூஹ் வாசல்ல தொடங்கி அல் முயிஸ் வீதியால, கலாவூன் கட்டடத் தொகுதியைத் தாண்டி, பாப் சுவைலா வரை. ஒண்டரைக் கிலோமீற்றர் அளவு. வெள்ளி மத்தியானம் தொழுகை நேரம், பள்ளிவாசலுக்குள்ள பாக்கிறதுக்கு ஏலாது. ஆனால் வெள்ளி காலமை வீதியில வாகனம் குறைவு. மற்ற நேரத்தில முஸ்லிம் அல்லாத ஆக்களும் உள்ள போகலாம். தலைக்கு ஒரு சால்வை, முழுக்கை, கழட்டச் சுகமான சப்பாத்து. சுல்தான் ஹசன் பள்ளிவாசலை விடாதேங்கோ, 1356இல தொடங்கினது. மெற்றோவில நடுவில ரெண்டு பெட்டி பெண்களுக்கு. கொப்டிக் பகுதிக்கு மார் கிர்கிஸ் நிலையம், இறங்கினால் முன்னாலயே தேவாலயம்.

கோண்டாவில்பிள்ளை:
எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. வாத்தி சொன்னதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், இப்ப அவவுக்குக் கர்னாக்தான் முதல். இன்னும் மூண்டு கேள்வி. பிரமிட்டுக்குள்ள அப்பாவால போக ஏலுமோ? மச்சாளின்ர மகன் ட்ரோன் கொண்டு வாறானாம், பறவாயில்லையோ? விசா எங்க எடுக்கிறது?

தட்டிவான்:
பெரிய பிரமிட்டுக்குள்ள வேண்டாம். ஏறுற பாதை ஏறக்குறைய 1.2 மீற்றர் உயரம்தான், அதுவும் 26 பாகை சரிவு. குனிஞ்சபடி 39 மீற்றர் ஏறவேணும், பிறகு இன்னும் ஏத்தம். மேல போனால் வெறுங் கல்லுப்பெட்டி. அதுக்கு எடுக்கிற நேரத்தை கெய்ரோவுக்குத் தெற்க இருக்கிற பழைய கல்லறை இடமான சக்காராவுக்குக் குடுங்கோ. அங்க மெரெருக்கா, கஜெம்னி கல்லறையள் நிலமட்டத்தில இருக்கு. சுவரில மீன்பிடி, மாடு கறக்கிறது, வயல் எல்லாம் செதுக்கி இருக்கு. அப்பா அதிலயே நிண்டிடுவார். பிரமிட் நிக்கிற கீசாவில ஒட்டகத்தில ஏத்திற காசு வேற, இறக்கிற காசு வேற எண்டு கேப்பாங்கள். ஏறாமல் விடுறது புத்தி. பெரிய எகிப்து அருங்காட்சியகத்துக்கு இணையத்தில நேரம் குறிச்சு ரிக்கற் எடுங்கோ. சக்கரநாற்காலி கேக்கலாம், பெரிய படிக்கட்டுக்குப் பக்கத்தில நகரும் படியும் இருக்கு.

ட்ரோனை வீட்டில வைச்சிட்டு வரச் சொல்லுங்கோ. அனுமதி இல்லாமல் கொண்டு வந்தால் விமானநிலையத்திலயே எடுத்துப் போடுவினம், விசாரணையும் வரும்.

கனடாப் பாஸ்போட்டுக்கு விசா எப்பிடி எண்டதை மச்சாள் வெளிக்கிட முதல் அங்கத்த எகிப்துத் தூதரகத்தில கேட்டுப் பாக்கட்டும். இலங்கைப் பாஸ்போட் எண்டால் வெளிக்கிட முதல் கொழும்பிலுள்ள எகிப்துத் தூதரகத்தில. ஹொட்டேல் பதிவு, திரும்பி வாற ரிக்கற், வங்கிக் கணக்குக் கூற்று எல்லாம் சேர்த்து வைச்சுக்கொண்டு போங்கோ, ஒவ்வொரு தாளுக்காகவும் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடேலாது. பாஸ்போட் 6 மாதத்துக்கு மேல செல்லுபடியா இருக்கவேணும். பேர் எழுத்துக்கூட்டல் விமான ரிக்கற்றில பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே வரட்டும். எங்கட ஆக்களுக்குத் தகப்பன் பேர் ஒரு இடத்தில முன்னுக்கும் இன்னொரு இடத்தில பின்னுக்கும் விழுறதால உள்நாட்டு விமானத்தில கரைச்சல் வாறது. புத்தளப் பாதையால போற இரவு பஸ்ஸில ஏறினால் கட்டுநாயக்கவிலயே இறங்கலாம், கொழும்புக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை. ஆனால் பின்னேர விமானத்துக்கு மட்டும். காலமை விமானம் எண்டால் முதல் நாளே நீர்கொழும்பில தங்குங்கோ. அங்க பிளக் ரெண்டு உருண்டைக் கால், எங்கட மூண்டு காலைச் செருக ஒரு அடப்ரர் வாங்கிக்கொண்டு போங்கோ.